பழங் கணிப்பொறியும் அதன் மறுபிறப்பும்

மக்கள் ஆக்கிவைத்த அறிவுப் பொருள்கள் இருவகையால் அழிகின்றன. பொருளே சிதைந்துபோதல் ஒருவகை. பொருள் நன்னிலையில் இருந்தும் அதனைப் பயன்கொள்ளும் வழி மறைந்துபோதல் மற்றொருவகை. ஓலைச்சுவடி செல்லரித்துப் போவது முன்னதற்கு எடுத்துக்காட்டு. சுவடி இருந்தும் அதன் எழுத்தைப் படிப்பார் இல்லாமற் போவது பின்னதற்கு எடுத்துக்காட்டு. சுவடிகளுக்கு இக்கேடுகள் நேரப் பல நூற்றாண்டுகள் சென்றன. கணிப்பொறிகளுக்கோ ஒரு தலைமுறைக்குள்ளேயே இரண்டும் ஒருங்கே நேர்ந்துவிடுகின்றன.

இதனை அறிய நெடுந்தொலைவு செல்லவேண்டுவதில்லை. ஸ்ரீ இராமானுசர் அவதரித்த தலம் என்று பல நூற்றாண்டுகளாகப் புகழ்பெற்ற ஸ்ரீபெரும்புதூர், அதனையடுத்த ஒரகடத்தோடு சேர்ந்து, இன்று கைப்பேசிகளும் மோட்டார் வண்டிகளும் ஆக்கும் தொழிற்களமாக விளங்குகின்றது. அங்கு நோக்கியா நிறுவனம் 2006ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை 2014ஆம் ஆண்டு நவம்பரில் அப்பணியை நிறுத்திற்று. அங்கே ஆக்கப்பட்ட கோடிக்கணக்கான கைப்பேசிகளுட் பல இன்று இல்லங்களின் இழுப்பறைகளில் உறங்குகின்றன. பொறிகளை ஆக்கும் வேகமும் மறக்கும் வேகமும் இவ்வாறு போட்டியிடும் காலத்தில், பழம்பொறி ஒன்றனை மீண்டும் இயங்கச் செய்யும் வழி யாதென ஆராய்தல் நம் மாணவர்க்குப் பயன்தரும்.

அவ்வழிக்கு உதவும் மென்பொருளை எமுலேட்டர் என்பர். ஒரு பொறியானது வேறொரு பொறியின் வேடம் பூண்டு, அதுபோலவே நடக்கும்படி செய்வது இதன் தொழில். தெருக்கூத்தில் அரிச்சந்திரன் வேடம் பூண்டவர் அம்மன்னனைப்போல் நடந்தும் பேசியும் காட்டுகின்றார். ஆயினும், கூத்துக்குரிய உரையைக் கடந்து நாம் ஏதேனும் வினவினால், அவர் கூறும் விடை அவருடையதேயன்றி அரிச்சந்திரனுடையதன்று. நல்ல எமுலேட்டரோ, முன் எவரும் எழுதியிராத ஆணையை நாம் இட்டாலும், பழம்பொறி எவ்விடை தந்திருக்குமோ அவ்விடையையே தரும். இதுவே இதன் சிறப்பு.

நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு பொறியைக்கொண்டு இதனை விளக்குவாம். இங்கிலாந்தில் ஏகார்ன் நிறுவனம் 1981ஆம் ஆண்டின் இறுதியில் பிபிசி மைக்ரோ என்னும் கணிப்பொறியை வெளியிட்டது. ஸ்டீவ் ஃபர்பர் அதன் பொறியமைப்பில் முதன்மையாக உழைத்தார்; அதன் பேசிக் மொழியைச் சோஃபி வில்சன் இயற்றினார். இந்திய அரசு 1984–85ஆம் ஆண்டில் ‘கிளாஸ்’ என்னும் பெயரால் பள்ளிக் கணிப்பொறிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது இப்பொறியையே தேர்ந்துகொண்டது. மொத்தம் 12,000 பொறிகள் மாநில அரசுகளின் வழியே உயர்நிலைப் பள்ளிகளுக்கும் மேனிலைப் பள்ளிகளுக்கும் வழங்கப்பட்டன என அரசின் குறிப்புகள் கூறும். செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்னும் அரசு நிறுவனம் இதே பொறியை ‘யூனிகார்ன்’ என்ற பெயரால் இந்நாட்டிலும் ஆக்கிற்று. நம் நாட்டுப் பள்ளி மாணவர் பலர் முதன்முதல் தொட்ட கணிப்பொறி இதுவேயாம்.

இதன் அமைப்பு மிக எளிது. 6502 என்னும் எண்ணுடைய மையச்செயலி நொடிக்கு இருபது இலட்சம் துடிப்புகளோடு இயங்குவது. இன்றைய கைப்பேசியின் செயலியிலோ துடிப்பு இதனினும் ஆயிரம் மடங்குக்கு மேற்பட்டது. அச்செயலி சுட்டவல்ல நினைவறைகள் 65,536. ஒவ்வோர் அறையிலும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண் அடங்கும். அவ்வறைகளுள் முற்பாதியாகிய 32,768 அறைகள் நாம் எழுதவும் அழிக்கவும் ஏற்றவை. பிற்பாதியில் பேசிக் மொழிக்கும், பொறியை ஆளும் அடிப்படை மென்பொருளுக்கும் சரிபாதி இடம் ஒதுக்கப்பட்டது. புறக்கருவிகளோடு உறவாடுதற்குரிய சில அறைகளும் அப்பகுதியிலேயே உள்ளன.

எமுலேட்டர் செய்வது யாதெனின், இவ்வறைகள் அனைத்துக்கும் நிகராக நம் காலத்துப் பொறியின் நினைவகத்தில் ஒரு நீண்ட அட்டவணையை வகுத்துக்கொள்ளுகின்றது. பின்னர், அடுத்து நிறைவேற்ற வேண்டிய ஆணை எவ்வறையில் உள்ளதெனப் பார்த்து, அங்குள்ள எண்ணை எடுத்து, அவ்வெண் குறிக்கும் ஆணையைப் பழஞ்செயலி செய்தவாறே செய்து, அடுத்த ஆணைக்குச் செல்லுகின்றது. அச்செயலிக்குரிய ஆணையெண்கள் 151. அவற்றுள் ஒவ்வொன்றும் எத்தனை துடிப்புகள் கொள்ளும் என்பதும் கணக்கிடப்பட வேண்டும். திரை நொடிக்கு ஐம்பது முறை புதுப்பிக்கப்படுதலின், 40,000 துடிப்புகளுக்கு ஒருமுறை படத்தை வரைந்து காட்டல் வேண்டும். இக்கணக்குப் பிறழின், இசை சுருதி கெடும். விளையாட்டுகள் தாறுமாறாக ஓடும்.

இனி, செய்முறைக்கு வருவாம். வலை உலாவியிலேயே இயங்கும் ஜேஎஸ்பீப் என்னும் எமுலேட்டரைத் திறந்தால், கருந்திரையில் பிபிசி கணிப்பொறியின் பெயரும், அதன்கீழ் பேசிக் என்னும் சொல்லும், நம் ஆணையை எதிர்நோக்கும் ஒரு குறியும் தோன்றும். இத்தொடக்கத் திரையில் 25 வரிகள். வரிக்கு 40 எழுத்துகள். இவ்வாயிரம் எழுத்துகளும் 31744ஆம் அறைமுதல் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. ஆதலின் நடுத்திரைக்கு உரியது 32244ஆம் அறை. அப்போது ?32244=65 என்று எழுதி உள்ளீட்டு விசையை அழுத்தினால், திரையின் நடுவே ஆங்கில முதலெழுத்துத் தோன்றும். 65 என்பது அவ்வெழுத்தின் எண். திரையென்பது நினைவகத்தின் ஒரு பகுதியே என்னும் உண்மையை இவ்வொரு வரி கண்கூடாக்குகின்றது.

மேலும் ஒருபடி செல்லலாம். 112ஆம் அறைமுதல் 117ஆம் அறைவரை 169, 65, 141, 244, 125, 96 என்னும் ஆறு எண்களை மேற்சொன்ன முறையிலேயே ஒவ்வொன்றாக இடுக. பின்னர் ‘கால்’ என்னும் ஆங்கில ஆணைச்சொல்லை 112 என்னும் எண்ணோடு எழுதுக. அதே எழுத்து அதே இடத்தில் எழும். இம்முறை அதனைச் செய்தது பேசிக் மொழியன்று. செயலியே நேராகச் செய்தது. 169 என்பது ‘அடுத்துவரும் எண்ணைக் கையிற் கொள்க’ என்னும் ஆணை. 141 என்பது ‘கையிலுள்ளதை இவ்வறையில் வைக்க’ என்பது. 125ஐ 256ஆற் பெருக்கி 244ஐக் கூட்டின் 32244 என்னும் அறையெண் வரும். 96 என்பது ‘வந்த வழியே திரும்புக’ என்பது. எத்துணைப் பெரிய கணிப்பொறியும் அடிநிலையில் இத்தகைய சிற்றாணைகளின் தொகுதியாலேயே இயங்குகின்றது.

தமிழெழுத்தையும் இப்பொறியில் ஆக்கலாம். ‘மோட் 4’ என்னும் ஆணையால் திரையின் வகையை மாற்றிக்கொண்டால், ஒவ்வோர் எழுத்தும் எட்டு வரியும் எட்டுப் புள்ளியும் கொண்ட சதுரமாகின்றது. வரிக்கு ஓர் எண்ணாக எட்டு எண்களால் அச்சதுரத்தை நிரப்பலாம். இடக்கோடியிலுள்ள புள்ளிக்கு மதிப்பு 128, வலக்கோடிக்கு 1, எட்டுப் புள்ளியும் எரிந்தால் 255. எனவே ஏழு வரிகளுக்கு 128உம் இறுதி வரிக்கு 255உம் கொடுத்தால் ‘ட’ என்னும் எழுத்துருவாகும். ஏழு வரிகளுக்கு 129உம் இறுதிக்கு 255உம் கொடுத்தால் ‘ப’ ஆகும். ‘விடியு’ என்னும் ஆணைச்சொல்லின்பின் 23, 224 என்னும் எண்களையும் இவ்வெட்டெண்களையும் காற்புள்ளியிட்டு எழுதுக; பின் ‘விடியு 224’ என்றால் அவ்வெழுத்துத் திரையில் நிற்கும். இவ்வாறு எளிதில் ஆக்கிக்கொள்ளத்தக்க எழுத்துகள் 32. தமிழின் 247 எழுத்துகளையும் வடிவங்களாகப் பகுத்து இச்சிறு வரம்புக்குள் எவ்வாறு அடக்குவது என்பது மாணவர் முயன்று பார்த்தற்குரிய நல்ல வினா.

இவ்வெமுலேட்டரின் குறைகளையும் கூறல் முறையாகும். விசைகளின் அழுத்தம், ஒலிநாடாவின் கீச்சொலி, பழைய தொலைக்காட்சித் திரையின் ஒளி ஆகியன இதிற் கிடையா. சில குறிகளின் விசைகள் நம் விசைப்பலகையில் இடம் மாறியிருத்தலும் உண்டு. எமுலேட்டர் சரியாக நடிக்கின்றதா என்று சோதித்தற்கு உண்மைப் பொறி சிலவேனும் உலகில் இயங்கிக்கொண்டிருத்தல் வேண்டும். மேலும், பழம்பொறியின் அடிப்படை மென்பொருள் உரிமையுடையாரது ஆக்கம். அதனைப் படியெடுத்துப் பரப்புமுன் அவ்வுரிமையை நோக்குதல் அறம்.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. எமுலேட்டர் பொறியைத் தரும். அப்பொறியில் நம்மவர் எழுதியவற்றைத் தாராது. அவற்றை எவரேனும் காத்துவைத்தாலன்றி அவை மீளா. இதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்த ஒன்று சான்று. 1086ஆம் ஆண்டில் அந்நாட்டின் நிலங்களையும் உடைமைகளையும் கணக்கெடுத்து எழுதிய டூம்ஸ்டே நூலின் 900ஆம் ஆண்டை ஒட்டி, 1986ஆம் ஆண்டில் பிபிசி புதியதொரு நாட்டுவிவரத் தொகுப்பை லேசர் தட்டுகளில் வெளியிட்டது. பள்ளிப் பிள்ளைகள் பெருந்திரளாகத் தத்தம் ஊரைப்பற்றி அதில் எழுதினர். அதனைப் படித்தற்கு உரியது பிபிசி மைக்ரோ வகைப் பொறியே. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அத்தட்டுகளைப் படிக்கவல்ல கருவிகள் அரியவாயின. தொள்ளாயிரம் ஆண்டு கடந்த தோல் ஏட்டைப் படிக்க இயன்றது. பிள்ளைகள் எழுதியதைப் படிப்பது அரிதாயிற்று. பின்னர் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக அறிஞர் 2002ஆம் ஆண்டில் எமுலேட்டரைக் கொண்டு அத்தொகுப்பை மீண்டும் காட்டினர். தட்டுகள் காக்கப்பட்டிருந்தமையாலேயே அது கைகூடிற்று.

நம் பள்ளிகளில் அக்காலத்து ஒலிநாடாக்களும் ஐந்தேகால் அங்குல நெகிழ்தட்டுகளும் எங்கேனும் இருப்பின், அவற்றைக் காக்கும் முறை அரிதன்று. நாடாவில் இப்பொறி எழுதியவை 1200, 2400 அதிர்வுகளையுடைய இருவகை ஒலிகளே. ஆதலின் அதனைச் சாதாரண ஒலிப்பதிவாக நம் கணிப்பொறியில் ஏற்றி, மென்பொருளால் எண்களாக மாற்றிக்கொள்ளலாம். நெகிழ்தட்டுக்குப் பழைய தட்டியக்கி ஒன்றும், அதனை இன்றைய கணிப்பொறியோடு இணைக்கும் கிரீஸ்வீசல் போன்ற சிறு மின்பலகை ஒன்றும் போதும். நாற்பது தடமுள்ள தட்டின் ஒருபக்கம் முழுவதும் 102,400 எண்களுக்குள் அடங்கிவிடும். நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமும் இதனினும் பன்மடங்கு பெரிது. பூஞ்சணம் பிடித்த தட்டைத் துடையாமல் இயக்கியில் இடுதல் தட்டுக்கும் இயக்கிக்கும் கேடு. படியெடுத்தபின், எப்பள்ளியில், எவ்வாண்டில், எதன்பொருட்டு எழுதப்பட்டது என்னும் குறிப்பையும் உடன் எழுதிவைத்தல் இன்றியமையாதது; குறிப்பில்லாத தட்டு, பெயரில்லாச் சுவடி போல்வது.

ஏட்டுச்சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்த பெரியோர் உழைப்பினாலன்றோ நம் பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன? இத்தட்டுகள் அந்நூல்களுக்கு ஒப்பாகா. ஆயினும், நம் நாட்டு இளைஞர் ஒரு புதிய கருவியை முதன்முதற் கைக்கொண்டபோது என்ன எண்ணினர், எதில் இடறினர், எதைக் கண்டு மகிழ்ந்தனர் என்பதற்கு அவையே சான்று. ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் நாளை பொறிகளை ஆக்கப்போகும் மாணவர், முழுமையும் அறியத்தக்க சிறுபொறி ஒன்றனை இன்று எமுலேட்டரிற் கற்பாராக. அக்கல்வியைப் பெற்றோர் தம் ஊர்ப் பள்ளியின் பழைய அலமாரியை ஒருமுறை திறந்து பார்ப்பாராக. பூஞ்சணம் நமக்காகக் காத்திராது.