மேசைமேல் ஒரு மலைப்பாதை

ஹல்துமுல்லையில் புகையிரத நிலையம் இல்லை. பெரகலை வழியாக மலையேறி அப்புத்தளைக்குச் சென்றால்தான் வண்டியைப் பிடிக்கலாம். ஆயினும் ஊருக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலைமுகட்டின் வழியேதான் இதல்கஸ்ஹின்னவிலிருந்து அப்புத்தளைக்கு இருப்புப்பாதை ஓடுகின்றது. 1893ஆம் ஆண்டில் அப்புத்தளையை எட்டிய அப்பாதை, அடுத்த ஆண்டில் பண்டாரவளையை அடைந்தது. பதுளையைச் சேர்வதற்கோ 1924ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இது ஒற்றைத் தடம். கொழும்பு நோக்கி வரும் வண்டியும் பதுளை நோக்கிச் செல்லும் வண்டியும் ஒரே தண்டவாளத்தின்மீதுதான் ஓடவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று கடப்பது நிலையங்களில் மட்டுமே இயலும்.

இந்த ஒற்றைத் தடத்தின் சிக்கலை வீட்டு மேசைமீது அமைத்துப் பார்ப்போர் உலகெங்கும் உளர். சிறுவர் விளையாட்டென்று இதனைத் தள்ளிவிடுதல் தகாது. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1946ஆம் ஆண்டில் மாணவர்கள் தொடங்கிய மாதிரி இரயில் கழகம், தொலைபேசி நிலையங்களில் பயன்படும் மின்கருவிகளைக் கொண்டே தன் வண்டிகளை ஆண்டது. பின்னாளில் கணிப்பொறித் துறையில் பெயர்பெற்ற சிலர் அந்த மேசையின் அடியில் கம்பி பூட்டியவர்களே.

மாதிரி வண்டியின் மின்சார ஏற்பாடு எளிது. பொதுவாக 12 வோல்ட் அளவுள்ள நேரோட்ட மின்சாரம் ஒரு தண்டவாளத்தின் வழியே வந்து, சக்கரங்களின் மூலம் இயந்திரத்தினுள் இருக்கும் மோட்டாரைச் சுழற்றி, மறு தண்டவாளத்தின் வழியே திரும்பிச் செல்கின்றது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். முனைகளை மாற்றினால் வண்டி பின்னோக்கி ஓடும். ஒரு வண்டி மட்டும் இருக்கும்வரை இதில் தொல்லை ஏதும் இல்லை. இரண்டாவது வண்டியை வைத்தவுடனேயே தொல்லை பிறக்கின்றது. தண்டவாளம் முழுவதும் ஒரே மின்சாரம் பாய்வதால், ஒன்றை ஓட்டினால் மற்றதும் ஓடும். உடரட்ட மெனிக்கேயை நிறுத்தினால் பொடி மெனிக்கேயும் நின்றுவிடும்.

இதற்குக் கண்ட வழி, பாதையைப் பல பிரிவுகளாக வெட்டுவதாகும். இரு தண்டவாளங்களுள் ஒன்றில் மட்டும் ஆங்காங்கே சிறு இடைவெளி விட்டு, அவ்விடத்தில் மின்சாரம் கடத்தாத இணைப்பை மாட்டுவர். மற்றைத் தண்டவாளம் வெட்டின்றித் தொடர்ந்து, யாவற்றுக்கும் பொதுவான திரும்புவழியாக அமையும். அப்புத்தளையை மேசைமீது அமைப்பதாகக் கொள்வோம். இதல்கஸ்ஹின்ன பக்கத்து ஒற்றைத் தடம் ஒரு பிரிவு. நிலையத்தின் இரு தடங்கள் இரு பிரிவுகள். தியத்தலாவைப் பக்கத்துத் தடம் நான்காவது பிரிவு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மின்கம்பி, தனித்தனியே ஆளி. அந்த ஆளி நடுநிலை உடையதாதல் வேண்டும்: மேலே தள்ளினால் முதலாம் ஓட்டுநரின் மின்சாரம், கீழே தள்ளினால் இரண்டாம் ஓட்டுநருடையது, நடுவில் நின்றால் ஒன்றும் இல்லை. இரு ஓட்டுநர்க்கும் மின்சாரம் வெவ்வேறு மின்மாற்றிகளிலிருந்து, அல்லது ஒரே மின்மாற்றியின் வெவ்வேறு சுருள்களிலிருந்து வருவது இன்றியமையாதது. ஒரே சுருளிலிருந்து இருவரும் எடுத்தால், பொதுவான திரும்புவழியின் வாயிலாக இரண்டும் முட்டிக்கொண்டு குறுஞ்சுற்று நேரும்.

இந்த ஆளியின் சிறப்பு யாது? ஒரு பிரிவை ஒரே நேரத்தில் இருவர் ஆள முடியாது என்பதே. அப்படியாயின் மெய்யான மலைப்பாதையிலும் இதுவே நிகழ்கின்றதா என்று நேயர்கள் வினவலாம். ஏறக்குறைய இதுவே நிகழ்கின்றது; ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு.

1874ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், இங்கிலாந்தின் நோரிச் நகருக்கு அண்மையில் தோர்ப் என்னும் இடத்தில், தந்திச் செய்தியில் நேர்ந்த பிழையால் ஒற்றைத் தடத்தின் இரு முனைகளிலிருந்தும் வண்டிகள் புறப்பட்டு நேருக்கு நேர் மோதின. 25 பேர் மாண்டனர். செய்தியை மட்டும் நம்பி வண்டியை விடலாகாது என்பது அதன்பின் தெளிவாயிற்று. எட்வர்ட் டயர் என்பவர் 1878ஆம் ஆண்டில் ஒரு கருவியை உருவாக்கினார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி. இரண்டையும் இணைப்பது மின்கம்பி. அவற்றினுள் டப்லெட் எனப்படும் வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். மறுமுனை நிலைய அதிபர் இசைந்து தம் கருவியை அழுத்தினாலன்றி இம்முனையில் தகடு வெளிவராது. ஒன்று வெளிவந்துவிட்டால், அதனை ஏதேனும் ஒரு கருவியில் திரும்ப இடும்வரை, இரு முனைகளிலும் மற்றொன்றை எடுக்க இயலாது. தகடு கையில் இல்லாமல் சாரதி வண்டியை அடுத்த பிரிவினுள் செலுத்தலாகாது. பெரிய வளையத்தோடு கூடிய தோற்பையில் அதனை இட்டு நிலையத்தில் கைமாற்றும் காட்சி, மலைநாட்டுப் பாதையில் பயணம் செய்தோர்க்குப் பழக்கமானதே.

வேறுபாடு இங்குதான் உள்ளது. மேசைமீதுள்ள ஆளி, பிரிவு யாருக்கு உரியது என்பதை மட்டும் அறியும். அங்கே வண்டி நிற்கின்றதா என்பதை அறியாது. முதல்வரின் வண்டி நிற்கும் பிரிவினுள் இரண்டாமவர் ஆளியை மாற்றிவிட்டுத் தம் வண்டியை ஓட்டிச் செல்வதைத் தடுப்பார் இல்லை. டப்லெட்டோ வண்டியோடு கூடவே செல்வதால், அது வெளியே இருக்கும்வரை பாதை காலியில்லை என்பது உறுதி. ஆகையால் மாதிரிப் பாதை அமைப்போர், வண்டி நிற்பதை விளக்கெரித்துக் காட்டும் சிறு மின்சுற்றையும் ஒவ்வொரு பிரிவுக்கும் சேர்த்தல் நன்று.

இனி, தெமோதரைக்கு வருவோம். எல்லவைத் தாண்டி வரும் பாதை, தெமோதரை நிலையத்தைக் கடந்து, ஒரு குன்றைச் சுற்றிக் கீழிறங்கி, அந்நிலையத்தின் அடியிலேயே குடையப்பட்ட சுரங்கத்தின் வழியாகப் பதுளை நோக்கிச் செல்கின்றது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைக் கண்டே இச்சுற்று திட்டமிடப்பட்டது என்றொரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், மின்கம்பி பூட்டுவோர்க்கு அத்தலைப்பாகை அருமையான பாடம். துணி எத்தனை முறை சுற்றினாலும் அதன் நுனி அதன் தொடக்கத்தோடு இணைவதில்லை. அதுபோலவே தெமோதரையில் பாதை தன்மேல் ஏறிக் கடக்கின்றதேயன்றித் தன்னோடு சேரவில்லை. வலத் தண்டவாளம் இறுதிவரை வலத் தண்டவாளமாகவே இருக்கும். ஆதலால் இதற்குத் தனிக் கம்பி ஏற்பாடு எதுவும் வேண்டா.

வண்டியைத் திருப்புவதற்காகப் பாதையை வளைத்துக் கொணர்ந்து அதே பாதையில் சேர்த்தால் கதை வேறு. அங்கே வலத் தண்டவாளம் இடத் தண்டவாளத்தைத் தொட்டுக் குறுஞ்சுற்று உண்டாகும். அவ்வளையத்தின் இரு முனைகளிலும், இரு தண்டவாளங்களையுமே வெட்டி, முனைகளை மாற்றவல்ல ஆளியொன்றை இடைப்படுத்துதல் வேண்டும். வண்டி வளையத்தினுள் நின்றிருக்கும்போதுதான் வெளிப்பாதையின் மின்முனையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தெமோதரையை உள்ளவாறே செய்ய விரும்புவோர் இடத்தையும் எண்ணிக்கொள்க. மலைநாட்டுப் பாதையின் மிகக் கூர்மையான வளைவுகளின் ஆரை ஏறத்தாழ 100 மீற்றர். 76இல் ஒரு பங்காகக் குறைத்தாலும் 1.3 மீற்றர் வரும். ஒரு முழுச் சுற்றுக்கு ஓர் அறையே வேண்டும்! கடையில் விற்கும் 16.5 மில்லிமீற்றர் அகலப் பாதையும் இலங்கையின் அகலப் பாதைக்கு ஒவ்வாது. அந்த அளவில் அது 22 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும்.

தடம் மாற்றும் பாயின்ட்டுகளை இயக்க இரட்டைச் சுருள் மோட்டார் பயன்படும். ஒரு சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் இரும்புத் தண்டு அப்பக்கம் இழுபட்டுத் தடம் மாறும். மற்றதற்குக் கொடுத்தால் மீளும். கணநேர மின்சாரமே அதற்குப் போதும். சாதாரண விளக்கு ஆளியைப் பூட்டி விட்டுவிட்டால் சுருள் சூடேறிக் கருகிப் போகும். விரலை எடுத்தவுடன் விடுபடும் அழுத்துபொத்தானே ஏற்றது. மின்சாரத்தைச் சேமித்து ஒரே வீச்சில் விடும் கொள்ளளவியை இடையில் வைத்தால் இன்னும் நலம். பொத்தான் சிக்கிக்கொண்டாலும், சேமித்தது தீர்ந்தபின் சுருளுக்குச் செல்வது சொற்பமே.

1990களில் பரவிய எண்முறைக் கட்டுப்பாட்டில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஓர் எண் உண்டு. தண்டவாளத்தில் எப்பொழுதும் மின்சாரம் இருக்க, தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டுமே இயந்திரம் ஏற்கும். வேகத்தை ஆளப் பிரிவுகள் தேவையில்லை. எனினும் வண்டி எங்கே உள்ளது என்று அறியவும், ஓரிடத்துப் பழுது பாதை முழுவதையும் முடக்காதிருக்கவும் பிரிவுகளைப் பலர் விட்டுவிடவில்லை. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே வரும் இரு வண்டிகளை எண்முறையும் தானாக விலக்கிவிடாது அன்றோ!

பாதையின் கடைக்கோடியான பதுளைக்கு ஓர் எளிய உபாயம் உண்டு. சாதாரண நேரோட்ட முறையில், முட்டுக்கட்டைக்குச் சற்று முன்னர் ஒரு தண்டவாளத்தை வெட்டி, அவ்வெட்டின் குறுக்கே ஒரு டயோட்டைப் பற்றவைக்க வேண்டும். மின்சாரத்தை ஒரு திசையில் மட்டுமே விடும் இயல்புடைய அது, உள்ளே வரும் வண்டிக்கு மின்சாரத்தை மறுத்து நிறுத்திவிடும். முனைகளை மாற்றியவுடன், கொழும்பு நோக்கித் திரும்பும் வண்டிக்கு வழி விடும். டயோட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டால், வண்டி நில்லாமல் சென்று முட்டுக்கட்டையில் மோதும். ஆகையால் முதன்முறை மெதுவாக ஓட்டிப் பார்த்தல் நன்று.