ஓமத்துள் உறையும் மருந்து

வயிற்றுப் பொருமலுக்கு ஓமத்தண்ணீர் கொடுப்பது எம்மவரிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். முறுக்கு மாவிலும் ஓமப்பொடியிலும் சேர்க்கப்படும் அச்சிறு விதைக்கு மணத்தையும் காரத்தையும் அளிப்பது தைமோல் என்னும் சேதனச் சேர்வையாகும். ஐரோப்பியர் இறைச்சிக்கு வாசனையூட்டப் பயன்படுத்தும் தைம் இலையிலும் இதுவே உள்ளது.

1719 இல் பேர்லின் மருந்தியலாளர் காஸ்பர் நொய்மான் தைம் எண்ணெயிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தார். நிறமற்ற பளிங்காகக் காணப்படும் தைமோல் ஏறத்தாழ 50 பாகை செல்சியசில் உருகும். நீரில் அது மிகச் சிறிதளவே கரையும். எண்ணெயிலும் மதுசாரத்திலும் இலகுவாகக் கரைந்துவிடும். நுண்ணுயிர்களின் புறச்சவ்வைச் சிதைத்து அவற்றை அழிப்பதால் அது சிறந்த கிருமிநாசினியாக மதிக்கப்படுகின்றது. எனினும், உழைப்புக்காகப் புலம்பெயர்ந்த ஏழைகளின் வரலாற்றோடு இப்பொருள் பிணைந்துள்ளமையைப் பலர் அறியார்.

சுரங்கத்தில் பரவிய நோய்

சுவிற்சர்லாந்தில் கெஷெனன், ஐரோலோ ஆகிய ஊர்களை இணைக்கும் 15 கிலோமீற்றர் நீளமான கொத்தாட் புகையிரதச் சுரங்கம் 1872 இல் தொடங்கி 1882 இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்தவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த இத்தாலியர். வெப்பமும் ஈரமும் நிறைந்த அச்சுரங்கத்தினுள் மலசலகூட வசதி இருக்கவில்லை. தொழிலாளர் முகம் வெளிறி, மூச்சிரைத்து வீழ்ந்தனர். சுரங்கத்தின் கெட்ட காற்றே காரணமெனச் சிலர் கருதினர். 1880 இல் தூரின் நகர அறிஞர் பெரொன்சித்தோ, கொழுக்கிப்புழுவே இந்நோயின் காரணமென எடுத்துக்காட்டினார்.

மலத்தோடு வெளியேறும் முட்டைகள் ஈரமண்ணில் பொரிக்கும். அப்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குருதிவழியே நுரையீரலை அடைந்து, தொண்டைவழியாகக் குடலுக்கு இறங்கி, அங்கே இரத்தத்தை உறிஞ்சும். அக்காலத்திலேயே தூரின் மருத்துவர் பொற்சோலோ இப்புழுவுக்கு எதிராகத் தைமோலைக் கையாண்டார். பின்னர் பல பத்தாண்டுகள் அதுவே முதன்மை மருந்தாக விளங்கியது.

மருந்து கொடுக்கும் முறை கடுமையானது. முதல்நாள் பேதியுப்புக் கொடுத்துக் குடலைக் கழுவுவர், மறுநாள் தைமோல், அதன்பின் மீண்டும் பேதியுப்பு. அன்று எண்ணெயோ நெய்யோ மதுவோ அருந்தலாகாது. அவற்றில் தைமோல் கரைந்து உடலிற் கலந்தால், புழுவைக் கொல்லவேண்டிய மருந்து நோயாளியையே கொன்றுவிடக்கூடும்.

யேர்மனி வழியாக இலங்கைக்கு

இத்தைமோலின் மூலப்பொருள் பெரும்பாலும் இந்திய ஓமமே. முதலாம் உலகப் போருக்கு முன்னர் இந்திய ஓமம் யேர்மனிக்குக் கப்பலேறியது; அங்கே எண்ணெய் வடித்துத் தைமோல் பிரிக்கப்பட்டது. நம் அடுக்களையில் கிடந்த விதை, வேற்றுநாட்டுத் தொழிற்சாலையில் மருந்தாகி உலகச் சந்தையில் விலைபோயிற்று. 1914 இல் போர் மூண்டதும் அவ்வழி அடைபட்டது.

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் 1909 இல் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கிய றொக்பெல்லர் நிறுவனத்தினர், 1916 இல் இலங்கையின் தோட்டங்களிலும் அப்பணியை ஆரம்பித்தனர். வெறுங்காலுடன் கொழுந்து பறித்தும் மண் கொத்தியும் உழைத்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் குடலில் இப்புழு இருந்தது. தைமோலும், அதனையொத்த செயலுடைய செனோப்போடியம் எண்ணெயுமே அக்காலத்தில் இப்பணிக்கு உதவிய மருந்துகள். ஆயினும் மருந்துண்டு தேறியவர்கள் மீண்டும் அதே மண்ணில் நடந்து, மீண்டும் நோயுற்றனர். மலசலகூடம் அமைக்கச் செலவிடப் பல தோட்டத்துரைமார் தயங்கினர். தொழிலாளியின் குடலிலிருந்து புழுவை வெளியேற்றுவது சிலநாள் வேலை. அவன் வாழ்ந்த லயத்தின் நிலையை மாற்றுவதோ எவரும் எளிதில் ஏற்காத பொறுப்பு.

இன்று

இன்று அல்பென்டசோல் முதலிய பாதுகாப்பான மருந்துகள் தைமோலின் இடத்தைப் பிடித்துக்கொண்டன. வாய்கழுவும் நீரிலும், பல் மருத்துவத்திலும், தேனீக்களைத் தாக்கும் உண்ணியை ஒழிப்பதிலும், உணவு வாசனைப் பொருளாகவும் தைமோல் தொடர்ந்து பயன்படுகின்றது. தாய்மார் ஒன்றை மனத்திற் கொள்ளவேண்டும். மருந்தகங்களில் விற்கப்படும் செறிந்த தைம் எண்ணெயும் ஓமத்தண்ணீரும் ஒன்றல்ல. அவ்வெண்ணெயைக் குழந்தைகளுக்குப் புகட்டுவது ஆபத்தானது.

கொழுக்கிப்புழு இன்னும் உலகிலிருந்து நீங்கவில்லை. பலகோடி மக்களின் குடலில் அது இன்றும் வாழ்கின்றது. அவர்கள் வாழும் இடங்களைப் பார்த்தால், கொத்தாட் சுரங்கத்திலும் மலையகத் தோட்டங்களிலும் இருந்த அதே குறைகளே தென்படும்: காலுக்குச் செருப்பில்லை, ஒதுங்க மலசலகூடமில்லை. மாத்திரை மலிவாகக் கிடைக்கும் இந்நாளிலும், இவ்விரண்டையும் மக்களுக்கு வழங்காமல் அந்நோயை ஒழிக்க இயலாது.