என் கணினியில் ஓடியதே!

கடந்த வார அரங்கில் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் தம் மனக்குறையைச் சொன்னார். ஆறு மாதம் உழைத்து அவர் உருவாக்கிய மென்பொருள் வீட்டு மடிக்கணினியில் நன்றாக ஓடியது. மதிப்பீட்டு நாளன்று கல்லூரிக் கணினியில் ஓட மறுத்துவிட்டது. "என் கணினியில் ஓடியதே!" என்று அவர் சொன்னதும் பலர் சிரித்துவிட்டார்கள். மென்பொருள் துறையினர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்களும் அனுபவித்த வேதனை அது.

நான் ஊடகத்துறையில் டிப்ளோமா படித்தவள். கணினி மொழி எனக்குத் தூரம். ஆனாலும் அரங்கிலிருந்த பொறியாளர் விளக்கியபோது எனக்கே புரிந்தது. உங்களுக்கும் புரியும்.

மென்பொருள் தனியாக ஓடுவதில்லை. அது எழுதப்பட்ட மொழியின் பதிப்பு, தரவுத்தளம், துணை நிரல்கள் எல்லாம் பொருந்தி வரவேண்டும். மாணவர் வீட்டில் வைத்திருந்தது பைத்தான் 3.12. கல்லூரியில் இருந்தது 3.8. புதிய பதிப்பில் வந்த வசதிகள் பழையதில் இல்லை.

தீர்வு நம் துறைமுகம் அறிந்த ஒன்றுதான். ஒரு காலத்தில் சரக்குகளை மூட்டை மூட்டையாக இறக்கிக் கிட்டங்கிகளுக்குச் சுமந்தார்கள். 1972 ஜூனில் தஞ்சோங் பகாருக்கு முதல் கொள்கலன் கப்பல் வந்தது. பெட்டிக்குள் எது இருந்தாலும் பாரந்தூக்கிக்குக் கவலையில்லை. மென்பொருளையும் அப்படிப் பெட்டியில் அடைக்கும் கருவிதான், 2013 மார்ச்சில் சாலமன் ஹைக்ஸ் அறிமுகப்படுத்திய டாக்கர்.

இதற்குக் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். முதலில் 'டாக்கர்ஃபைல்' என்ற கோப்பில் எந்த மொழி, எந்தப் பதிப்பு, எந்தத் துணை நிரல் என்று சமையல் குறிப்பைப்போல் எழுதுகிறோம். 'டாக்கர் பில்ட்' என்றால் குறிப்பின்படி ஒரு படிமம் தயாராகும். 'டாக்கர் ரன்' என்றால் அதிலிருந்து கொள்கலன் ஓடத் தொடங்கும். தரவுத்தளமும் சேர்ந்து வேண்டுமா? இரண்டையும் இன்னொரு கோப்பில் குறித்துவிட்டு, 'டாக்கர் கம்போஸ் அப்' என்று ஒரே கட்டளையில் எழுப்பலாம். டாக்கர் நிறுவிய வேறொரு கணினியிலும் அதே குறிப்பு, அதே கட்டளை போதும். முழுக் கணினியையும் நகலெடுக்காமல், இயங்குதளத்தின் மையப் பகுதியைப் பகிர்ந்துகொள்வதால் கொள்கலன் சில விநாடிகளில் எழுந்துவிடும்.

மூன்று எச்சரிக்கைகளையும் பொறியாளர் சொன்னார். பதிப்பு எண்ணுக்குப் பதிலாக 'லேட்டஸ்ட்' என்று எழுதினால், இன்று வருவது ஒன்று, அடுத்த மாதம் வருவது வேறொன்றாகிவிடலாம். பழைய சிக்கல் திரும்பிவிடும். கொள்கலனை நீக்கினால் அதற்குள் எழுதிய தரவும் போய்விடும். ஆகவே 'வால்யூம்' எனும் தனியிடத்தில் சேமிக்க வேண்டும். கடவுச்சொல்லைக் குறிப்பில் எழுதவே கூடாது. படிமம் யார் கைக்குப் போகிறதோ, அவர் கைக்குக் கடவுச்சொல்லும் போய்விடும்.

அந்த மாணவருக்கு அடுத்த தவணையில் மறுவாய்ப்பு உண்டு. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டிக்க அவசரப்படாதீர்கள். "பதிப்பு எண்ணை எழுதிவிட்டாயா?" என்று கேட்டுப் பாருங்கள். திரும்பி உங்களை வியப்போடு பார்ப்பார்!