சுழலாத குளிர்விசிறி

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி நோக்கி ஏ-9 வீதியிற் செல்லும் வாகனங்கள் திருமுறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் நின்று, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுதல் நெடுநாள் வழக்கம். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் ஆகியவற்றை யாதோர் இடருமின்றிக் கடந்துவந்த கார், கோயிலடியில் இயந்திரம் நிறுத்தப்படாமல் நிற்கையில், முன்மூடியின் இடுக்குகளால் நீராவியைக் கக்குவதுண்டு. ஓடும்போது கொதிக்காத இயந்திரம் நிற்கும்போது கொதிப்பது புதிராகத் தோன்றலாம்.

பெற்றோல் எரிவதாற் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு கூறோ அதனினும் குறைந்ததோதான் சில்லுகளைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியதில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போக, மற்றொரு பங்கை இயந்திரத்தைச் சுற்றியோடும் நீர் றேடியேற்றருக்குக் கொண்டுசென்று காற்றிடம் ஒப்படைக்கின்றது. வண்டி விரைந்தோடுகையில் எதிர்க்காற்றே இதற்குப் போதும். நிற்கும்போதும், வயற்பாதைகளில் மெல்ல ஊரும்போதுமே விசிறி இன்றியமையாததாகின்றது. ஆதலின் நிற்கையில் மட்டும் ஏறும் சூடு பெரும்பாலும் விசிறியின் குறையைக் காட்டும்; விரைந்த ஓட்டத்திலேயே ஏறும் சூட்டுக்கு நீர்க்குறை, அடைப்பு, நீர்ப்பம்பி முதலியவற்றை ஆராய்தல் வேண்டும்.

பழைய கார்களில் இத்தொல்லை மிகச் சிறிது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்றவற்றில் விசிறி நீர்ப்பம்பியின் அச்சோடு பிணைக்கப்பட்டு, இயந்திரத்தால் இழுபடும் பெல்ற்றினாற் சுழல்வது. 1990-களில், பொருளாதாரத் தடையின் கீழிருந்த வன்னியிற் பெற்றோலும் பற்றறியும் கிடைத்தற்கரியனவாயின. அந்நாளிற் சில துளி பெற்றோலால் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடியவை இத்தகைய கார்களே. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையால், இயந்திரம் நன்கு சூடேறிய பின்னரே அதனை ஏற்கும்; அளவு மிஞ்சிய சூடோ அதனைக் கெடுக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் அவ்வண்டிகளை ஆண்டுக்கணக்காக ஓடவைத்த திருத்துநரின் திறன் தனியே எழுதத்தக்கது. பெல்ற் அறாதவரை அவ்விசிறி சுழலும். அறுந்தால் நீர்ப்பம்பியும் டைனமோவும் உடன் நிற்க, சிவப்பு விளக்கு எரிந்து அச்செய்தியைச் சொல்லும்.

2009-ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் வன்னியிற் பெருகிய யப்பானியக் கார்களிற் பலவற்றின் விசிறி, மின்மோட்டாராற் சுழல்வது. அஃது ஏவலின்றி இயங்காது. நீர் ஏறத்தாழ 95 பாகை செல்சியசை அண்மும்போது, வண்டிக்கேற்பச் சற்று முன்பின்னாக, சூடுணரி அதனை அறிவிக்கும், றிலே மூடும், பியூஸ் வழியே மின் பாய்ந்து மோட்டார் சுழலும். எனவே விசிறி நின்றால் முதலிற் கேட்கவேண்டியது, மோட்டார் பழுதோ என்பதன்று; சுழலுமாறு அதற்கு ஏவல் சென்றதோ என்பதே. இவ்வினாவைக் கேளாமையாற் குற்றமற்ற மோட்டார்கள் பல கழற்றி வீசப்படுகின்றன.

குளிரூட்டியை இயக்கிப் பார்ப்பது எளிய சோதனை. அப்போது விசிறி சுழன்றால் மோட்டாரும் அதன் வயர்களும் நலம். குறை சூடுணரியின் பக்கத்தது. இரு விசிறிகள் உள்ள வண்டியில் எது சுழல்கின்றது என்பதையும் நோக்கல் வேண்டும். சுழலாவிடின் பியூஸைப் பார்க்க; புதியதும் உடனே எரிந்தால் மோட்டார் இறுகியிருக்கும், அல்லது வயர் எங்கேனும் உடலிற் பட்டிருக்கும். அந்நிலையிற் பருத்த கம்பியைப் பியூஸாகச் செருகுதல் வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். றிலேயை அதே வகையான வேறொன்றோடு மாற்றிப் பார்க்கலாம். இறுதியில் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, பற்றறியிலிருந்து நேரே மின் கொடுக்க, அது சுழன்றால் அதன்மீது பழியில்லை. துருவேறிய புவித்தொடுப்பு வயரும் எலி கடித்த வயரும் இவ்விடத்தே அகப்படுவதுண்டு.

சூடுணரி ஆளியைச் சோதிக்கையில் ஒரு நுட்பம் உண்டு. பல வண்டிகளில் அது சூட்டில் மூடுவது. ஆதலின் அதன் இரு வயர்களையும் இணைத்தால் விசிறி சுழலும். பழைய ரொயோற்றா கொறோலாக்கள் பலவற்றில் அது சூட்டில் திறப்பது. அவற்றில் வயரைக் கழற்றினாலே விசிறி சுழலும். வயர் அறுந்துபோனால் விசிறி ஓயாது சுழலட்டும், இயந்திரம் எரியவேண்டாம் என்பது அதனை அமைத்தோரின் கருத்து. இவ்வேறுபாட்டை அறியாதார் நல்ல ஆளியைப் பழுதென்பர்.

ஆளி நலமாயிருந்தும் சூடு அதனை அடையாமலிருக்கலாம். நீர் குறைந்து, ஆளி வெற்றிடத்தில் நின்றால் அது சூட்டைச் செவ்வனே உணராது. தெர்மோஸ்ரற் மூடியபடி இறுகினால் இயந்திரம் கொதிக்க, றேடியேற்றரின் அடிப்பகுதி குளிர்ந்தே கிடக்கும். ஆங்கே பொருத்தப்பட்ட ஆளி ஏவல் அனுப்பாது. வன்னிக் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீராதலால், அதனையே ஆண்டுக்கணக்கில் ஊற்றிவரும் வண்டிகளிற் சுண்ணப்படிவும் இக்கேட்டிற்குத் துணையாகும்.

காரணந் தேடாது, விசிறியைத் தனி ஆளியொன்றோடு நேரே தொடுத்துவிடுதல் கராச்சுகளிற் பரவிய வழக்கம். வழியிற் சிக்கியவனுக்கு அது உதவும். நிலையான மருந்தாக அதனைக் கொள்ளின், ஆளியைப் போட மறந்த ஒருநாளில் சிலிண்டர்த் தலை வளைந்துவிடும். சோதிப்போர் நினைவிற் கொள்ளவேண்டுவன இரண்டு. சாவியை எடுத்த பின்னும் சில வண்டிகளில் விசிறி திடீரெனச் சுழலும். ஆதலின் கையை அலகுகளுக்கிடையே விடலாகாது. அன்றியும், அழுத்தத்தின் கீழுள்ள நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாதிருக்கும். மூடியைத் திறந்த கணமே அது பொங்கி முகத்தில் அடிக்கும். மேற்குழாய் கை பொறுக்கும் அளவுக்கு ஆறிய பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும்.