நலமாக இருப்பவருக்குச் சோதனை எதற்கு?



திருவண்ணாமலை நகரில் ஒரு முஸ்லிம் வீட்டை எண்ணிப் பாருங்கள். ஒரே வாரத்தில் அவ்வீட்டிற்கு இரண்டு அழைப்புகள் வருகின்றன. ஒன்று, பரிசோதனைக் கூடமொன்றின் விளம்பரத் தாள்; முழு உடல் சோதனையோடு புற்றுநோய்க்கான இரத்தச் சோதனையும் உண்டு என்கிறது. மற்றொன்று, சுகாதாரச் செவிலியர் வாசலில் நின்று சொல்லிச் சென்றது: "முப்பது வயதைக் கடந்த பெண்கள் கருப்பை வாய்ச் சோதனைக்கு வாருங்கள், கட்டணம் இல்லை."

அத்தாவுக்காகப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் செலவிடுகிறார்கள். அம்மாவோ, "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அடுப்படிக்குப் போய்விடுகிறார்.

இரண்டு முடிவுகளுமே தலைகீழானவை என்றால் வியப்பீர்கள்!

கண்டறிவது மட்டும் போதுமா?

நோயை முன்னதாகக் கண்டால் நல்லதுதானே என்று தோன்றும். எப்போதும் அப்படியன்று. சில புற்றுக் கட்டிகள் ஆயுள் முழுதும் தொல்லை தராமலே உள்ளே கிடப்பவை. தென்கொரியாவில் நலமாக இருந்தவர்களின் கழுத்தையெல்லாம் ஸ்கேன் செய்து பார்த்தார்கள். 1993க்கும் 2011க்கும் இடையே தைராய்டு புற்றுநோயாளர் விகிதம் பதினைந்து மடங்கானது. இறப்பு விகிதமோ குறையவில்லை. பல்லாயிரவர் கத்திக்கு ஆளாகி, நாள்தோறும் மாத்திரை விழுங்குவோர் ஆனதே மிச்சம்!

இரத்தச் சோதனையின் நிலை என்ன? பிரிட்டனில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் சூலகப் புற்றுநோய்க்காக நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியாயிற்று. ஆண்டுதோறும் இரத்தம் சோதித்தும் மரணங்கள் குறையவில்லை.

நம் மண்ணில் கண்ட பயன்

இனி அம்மா மறுத்த சோதனையைப் பாருங்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி, வெண்திட்டு தோன்றுகிறதா என்று பயிற்சி பெற்ற செவிலியர்கள் பார்த்தார்கள். புற்றாக மாறக்கூடிய திட்டுகளை உறையச் செய்து அழித்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்நோயால் நேரும் மரணம் 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் அறிவித்தார்கள். நோயைக் கண்டதோடு நில்லாமல், வருமுன்னே தடுத்த சோதனை இது!

மும்பையில் இருபது ஆண்டுகள் நடந்த ஆய்வில், பெண் ஊழியர்கள் கையால் தடவிப் பார்த்த மார்பகச் சோதனையே ஐம்பது வயதைக் கடந்தவர்களின் மரணத்தை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது. ஐம்பதுக்குக் கீழே அப்பயன் தென்படவில்லை. திருவனந்தபுரத்தில் வாயைத் திறந்து பார்க்கும் சோதனை, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களைக் காத்தது. ஆக, அத்தாவுக்கு பீடியோ வெற்றிலை-புகையிலையோ வழக்கமென்றால், அவருக்கு வேண்டியது விலையுயர்ந்த இரத்தச் சோதனையன்று. வாய்ச் சோதனையும், அப்பழக்கத்தை விடுவதுமே!

அச்சமும் நாணமும்

ஒன்றை மறைப்பதற்கில்லை. திண்டுக்கல்லில் சோதிக்கப்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு "மேலும் பார்க்க வேண்டும்" என்று முடிவு வந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. அந்தச் சில நாள் கலக்கமும் கணக்கில் சேர்ந்ததே. முன்கூட்டியே அறிந்திருந்தால் மனம் தளராது.

நாணமே தடையென்றால், பெண் மருத்துவரோ செவிலியரோ பார்க்க வேண்டுமெனக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. கணவர்களே, வாசலில் செவிலியர் சொல்லிச் செல்வதை உங்கள் மனைவி உங்களிடம் சொல்லத் தயங்கலாம். நீங்களே கேளுங்கள், நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

மற்றோர் எச்சரிக்கை: ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிலக்கு நின்றபின் உதிரப்போக்கு ஆகியவை இருப்பின், முகாமுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

எந்தச் சோதனைக்கும் முன்னர் இதைக் கேளுங்கள்: "இதனால் என் ஆயுளில் மாற்றம் நேருமென்று ஆய்வில் கண்டிருக்கிறார்களா? தவறாகக் காட்டினால் அடுத்து என்ன செய்வார்கள்?" தெளிவான விடை கிடைத்தால் செல்லுங்கள்; இல்லையேல் பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

உடல் இறைவன் தந்த அமானிதம். அதை வீண் அச்சத்திற்கும் பலி கொடுக்க வேண்டாம். வீண் அலட்சியத்திற்கும் பலி கொடுக்க வேண்டாம். செவிலியர் மறுமுறை வரும்போது, இன்ஷா அல்லாஹ், அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரட்டும்!