நிதானமாக நூறு கிலோ மீட்டர்

ஓசூர் சாலைப் புழுதியில் நான்கு மாத ஒத்திகை, பிறகு இரண்டு நாளில் 100 கி.மீ. நிதி திரட்டும் நடைக்குத் தயாராகும் நால்வரில் கால்களைவிட அதிகம் சோதிக்கப்படுவது நட்புதான்.

சேலத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ இரவுப் பேருந்தில் பெங்களூர் வந்தவர்கள் பொம்மனஹள்ளியைப் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாவிட்டாலும். 'சில்க் போர்டு, மடிவாளா' என்று நடத்துனர் குரல் கொடுக்கத் தொடங்கும்போது தூக்கக் கலக்கத்தில் ஜன்னல் வழியே தெரியும் தூண்கள், இறக்கிய ஷட்டர்கள், ஒரு டீக்கடையின் ஆவி: அதுதான் பொம்மனஹள்ளி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்றால் சாலையோரம் நான்கு பேர் நடந்து போவதும் கண்ணில் படலாம். முதுகில் சிறிய பை, நெற்றியில் விளக்கு. பேருந்தைத் தவறவிட்டவர்கள் போலிருப்பார்கள். அவர்களுக்குப் போகவேண்டிய ஊர் எதுவும் இல்லை. ஆறு மணி நேரம் கழித்து, முப்பது கிலோ மீட்டர் நடந்து, புறப்பட்ட அதே டீக்கடைக்குத் திரும்பி வருவார்கள்.

நன்கொடை திரட்டுவதற்கான 100 கி.மீ. நடைக்கு ஒத்திகை இது. இந்த வகை நடைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் கூர்க்கா வீரர்கள். ஹாங்காங்கில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா சிக்னல்ஸ் பிரிவு, 1981ல் மெக்லஹோஸ் மலைப்பாதையில் இதைப் பயிற்சியாகத் தொடங்கியது. 1986ல் பொதுமக்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆக்ஸ்ஃபாம் ஹாங்காங் சேர்ந்துகொண்டது. 'டிரெயில்வாக்கர்' என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவிய அந்த நடை 2012ல் பெங்களூருக்கு வந்தது. இந்தியாவில் அதுவே முதல் முறை. விதிகள் ராணுவ வாடை மாறாதவை. நால்வர் ஒரு குழு. 48 மணி நேரம். நால்வரும் சேர்ந்து புறப்பட்டு, சேர்ந்தே முடிக்க வேண்டும். ஒருவர் விலகினால் மற்றவர்கள் தொடரலாம். ஆனால் முழுக் குழுவாக முடித்த கணக்கில் அது வராது.

48 மணி நேரத்தில் 100 கி.மீ. என்றால் மணிக்கு இரண்டு கிலோ மீட்டர் சொச்சம். கீரை வாங்கப் போகும் பாட்டிகூட அதைவிட வேகமாக நடப்பார். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் பலரும் பெயர் கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் கொடுத்தேன். கணக்கில் சேராதவை: தூக்கம், இருட்டு, மேடு, கொப்புளம், பிறகு மற்ற மூவர்.

பொம்மனஹள்ளியில் நடந்து பழகுவது தனிக் கலை. ஓசூர் சாலைக்கு மேலே எலெக்ட்ரானிக் சிட்டி வரை ஏறத்தாழ 10 கி.மீ. நீளத்துக்கு 2010ல் மேம்பாலச் சாலை திறந்தார்கள். 2025 ஆகஸ்டில் மெட்ரோவின் மஞ்சள் தடமும் வந்துவிட்டது. பொம்மனஹள்ளிக்கே ஒரு நிலையம் உண்டு. காருக்கும் ரயிலுக்கும் உயரத்தில் தனித்தனிப் பாதை. நடப்பவனுக்குக் கீழே சாக்கடை மேல் பரப்பிய கல்பலகைகள். பத்துக்கு ஒன்று இருக்காது, ஒன்று ஆடும். எஞ்சிய இடத்தில் இருசக்கர வாகனங்கள் ஏறி வரும். ஒரு வகையில் இது நல்ல பயிற்சிதான்: காட்டுப் பாதையில் கல்லும் வேரும் பார்த்து நடக்க வேண்டிய கண்ணும் கணுக்காலும் இங்கேயே தயாராகிவிடுகின்றன.

ஆகவே தெரிந்தவர்கள் பிரதான சாலையை விட்டு ஏரிகளைத் தேடிப் போகிறார்கள். வார நாட்களில் அகரா ஏரி அல்லது மடிவாளா ஏரி. கொஞ்சம் நேரம் கிடைத்தால் பேகூர். பேகூரின் நாகேஸ்வரர் கோயிலில் கிடைத்த நடுகல் கல்வெட்டு கி.பி. 890 வாக்கைச் சேர்ந்தது. பெங்களூரில் நடந்த ஒரு சண்டையைப் பழங்கன்னடத்தில் சொல்கிறது. கெம்பே கவுடா கோட்டை கட்டுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு மேல் முன்னதாகவே அந்தப் பெயர் இருந்திருக்கிறது என்பதற்குச் சான்று அதுதான். காலை ஆறு மணிக்கு வேர்த்துக் களைத்து அங்கே போய் உட்காரும்போது சரித்திரத்தைவிடப் படிக்கட்டின் குளிர்ச்சிதான் மனதில் நிற்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஏற்றத்துக்குப் பழக, அடுக்குமாடிப் படிகளில் பத்து முறை ஏறி இறங்குவோம். காவலாளி முதல் வாரம் சந்தேகப்பட்டார், இரண்டாவது வாரம் சிரித்தார், மூன்றாவது வாரத்தில் எண்ணிக்கை வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

பயிற்சிக்கு ஒரு நியதி உண்டு. வாரத்துக்கு வாரம் தூரத்தைக் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். ஞாயிறு நடை 15 கி.மீ.யில் தொடங்கி 20, 25, 30 என்று ஏறும். ஒத்திகையின் உச்சம் 50 அல்லது 60 கி.மீ. முழு நூறையும் யாரும் நடந்து பார்ப்பதில்லை. அந்த உடைசல் ஆற வாரங்கள் ஆகும். ஒரு முறையாவது இரவு முழுக்க நடக்க வேண்டும். இரவில் பெங்களூர் சந்துகள் நாய்களுக்குச் சொந்தம். ஓடாமல், ஒன்றாகக் கூடி, கைத்தடியைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கடக்க வேண்டும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துக் கால்களுக்கு ஓய்வு.

இதில் பாதத்தின் கதை தனி. நீண்ட நடையில் பாதம் வீங்கும். ஆகவே காலணி அரை அளவு பெரிதாக இருக்க வேண்டும். புதுக் காலணியோடு நடைக்குப் போவது தற்கொலைக்குச் சமம். உராய்வு, வெப்பம், ஈரம் மூன்றும் சேர்ந்தால் கொப்புளம். பருத்தி காலுறை வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அது ஆகாது. விரலிடுக்கில் வாஸ்லின். நகத்தை ஒட்ட வெட்டாவிட்டால் இறக்கத்தில் கறுத்துப்போகும். தோல் ஓரிடத்தில் சூடாக உணர்ந்த அந்த நிமிஷமே நின்று, காலணியைக் கழற்றி, பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். அடுத்த சாவடியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அடுத்த சாவடியில் பார்ப்பதற்குத் தோல் இருக்காது.

தண்ணீர் விஷயத்தில் படித்தவர்களே தவறு செய்கிறார்கள். குடிக்காமல் இருப்பது போலவே வெறும் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டே இருப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம் வரலாம், மோசமானால் உயிருக்கே ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவுக்கு எதிராக டாக்டர் திலீப் மகலனாபிஸ் பெரிய அளவில் பயன்படுத்திக் காட்டியது இந்த உப்பு-சர்க்கரைக் கரைசல் முறையைத்தான். ஒரு நன்கொடை நடையின் முதுகுப் பையில் இருக்கப் பொருத்தமான பாட்டில்.

இதெல்லாம் பழகிவிடும். பழகாதது, வேறு ஒருவரின் வேகத்தில் நடப்பது.

எங்கள் நால்வரில் கடைசி ஆள் நான். முதல் ஆள் ஓசூர்க்காரர், காலேஜில் ஓட்டக்காரர். நடுவில் ஒரு கன்னட நண்பர், ஒரு கோவை நண்பர். முதல் மாதம் முழுக்க ஓசூர்க்காரரின் முதுகைத்தான் பார்த்தேன். முன்னால் போய் நிற்பார். நான் போய்ச் சேர்ந்ததும் உடனே கிளம்புவார். ஓய்வு அவருக்கு, மூச்சிரைப்பு எனக்கு. கூச்சத்தில் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். ஒரு ஞாயிறு, பன்னிரண்டாவது கிலோ மீட்டரில் குதிகால் எரிந்தது. சொல்லவில்லை. இருபத்தி ஆறாவது கிலோ மீட்டரில் காலுறை சிவந்திருப்பதைக் கோவை நண்பர் பார்த்துவிட்டார். ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு வாரம் வீணாயிற்று. அவர்கள் கோபப்பட்டது மெதுவாக நடந்ததற்கல்ல, மறைத்ததற்கு. குழு நடையில் வலியை மறைப்பது மற்ற மூவரின் நேரத்தைத் திருடுவது.

அதற்குப் பிறகு ஏற்பாடு மாறியது. கடைசி ஆள் முன்னால் நடக்க வேண்டும், மற்றவர்கள் பின்னால். கன்னட நண்பர் பின்னாலிருந்து 'நிதானா, நிதானா' என்று சொல்லிக்கொண்டே வருவார். கன்னடத்தில் அதற்கு 'மெதுவாக' என்று பொருள். நமக்கு நிதானம் என்றால் பதறாமல் இருப்பது. நான்கு மாதத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று தோன்ற ஆரம்பித்தது. ஓசூர்க்காரருக்குத்தான் அது பெரிய தண்டனை. வேகத்தைக் குறைத்து நடப்பது முழங்காலுக்குப் புது வேலை என்று முனகுவார். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பணம் கேட்பது நடப்பதைவிடக் கடினம். 'நீ நடப்பதற்கு நான் ஏன் காசு தர வேண்டும்?' எல்லா அலுவலகங்களிலும் எழும் கேள்வி, நியாயமான கேள்வி. நம் மரபில் நடப்பவன் கேட்பதில்லை. வழியில் இருப்பவர் தருகிறார். பழனி பாதயாத்திரைக்காரர்களுக்கு மோரும் பானகமும் தானாக வரும். 1930 ஏப்ரலில் ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தபோது, சோறு போடுவோருக்குச் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் எச்சரித்திருந்தார். ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். இங்கே தலைகீழ்: நடப்பவன் வேறு யாருக்காகவோ கை நீட்டுகிறான். நடை என்பது அந்தக் கேட்பவனின் ஜாமீன், அவ்வளவுதான். நான்கு மாதம் அதிகாலையில் எழுந்தவன் சும்மா கேட்கவில்லை என்று எதிரிலிருப்பவருக்குத் தெரிகிறது.

கேட்க வேண்டிய அவசியமும் கூடியிருக்கிறது. ஆக்ஸ்ஃபாம் இந்தியாவின் வெளிநாட்டு நிதிப் பதிவை மத்திய அரசு புதுப்பிக்க மறுத்ததால், 2022 ஜனவரியிலிருந்து அந்த வாசல் அடைபட்டது. வேறு பல அமைப்புகளும் அதே கதிக்கு ஆளாயின. அரசின் காரணங்கள் சரியா தவறா என்பது தனி வழக்கு. வெளிப்பணம் நின்றால் பக்கத்து மேஜைக்காரரின் ஐந்நூறு ரூபாய் பெரிய தொகையாகிவிடுகிறது. அதைக் கொடுப்பவர், ரசீதும் செலவுக் கணக்கும் கேட்க வேண்டும். கேட்டால் முகம் சுளிக்கும் அமைப்புக்காக நடக்காமலிருப்பது மேல்.

மாலைப் பயிற்சியின்போது வேறொரு நடையும் கூடவே வரும். பொம்மனஹள்ளி சுற்றுவட்டாரத்தின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் விடும் நேரம். பெரும்பாலும் பெண்கள். ஹொங்கசந்திரா, கார்வேபாவிபாளையா பக்கம் மூவராக நால்வராகச் சேர்ந்து நடப்பார்கள். சாப்பாட்டுப் பை, ரப்பர் செருப்பு. நாள் முழுக்கத் தையல் இயந்திரத்தின் முன் இருந்துவிட்டு வரும் அந்த வேகத்தில் எங்களால் நடக்க முடிந்ததில்லை. 'யாரு துரத்துறாங்க?' என்று ஒருமுறை எங்களைத் தமிழில் கேட்டுவிட்டுச் சிரித்தபடி முந்திப் போனார்கள்.

2016 ஏப்ரல் 18 அன்று இதே சாலையில் அந்தப் பெண்கள்தான் இறங்கினார்கள். வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்திய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதியை மாற்றியிருந்தது. வேலையை விட்டால் பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ கைகொடுப்பது அந்தப் பணம்தான். பெரிய தலைவர்கள் அழைக்கவில்லை. ஆயிரக்கணக்கில் ஓசூர் சாலையில் வந்து நின்றார்கள்; நகரின் தென்பகுதி ஸ்தம்பித்தது. மறுநாள் சில இடங்களில் கல்வீச்சும் தீவைப்பும் தடியடியும் நடந்தன. அன்றே அரசு விதியைத் திரும்பப் பெற்றது. அவர்கள் ஒத்திகை எதுவும் பார்த்திருக்கவில்லை. தினசரி அதே சாலையில் சேர்ந்து நடந்த பழக்கம்தான்.

எங்கள் நடை ஒரு குளிர்கால வெள்ளிக்கிழமை அதிகாலை தொடங்கியது. அறுபத்தி மூன்றாவது கிலோ மீட்டரில், நள்ளிரவுக்குப் பின், ஓசூர்க்காரரின் முழங்கால் மடங்க மறுத்தது. இறக்கம் தொடங்கியதிலிருந்தே வலித்ததாம். சொல்லவில்லை. சாவடியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, எங்களைப் போகச் சொன்னார். அரை மணி நேரம் அங்கேயே நின்றோம். பிறகு மூவராகக் கிளம்பி, நாற்பத்தி ஒரு மணி நேரத்தில் முடித்தோம். முழுக் குழுவாக முடித்தோர் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. பணம் தந்தவர்களில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவர் பொம்மனஹள்ளி டீக்கடைக்கு முழங்காலில் கட்டோடு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கிக் கடை வரை இருபதடி. நாங்கள் முன்னால் போகாமல் நின்றோம்.