கசட்டின் அருமை கண்ட பேராசிரியர்

திருவேற்காட்டைக் கடந்து சென்னைக்குள் நுழையும் கூவத்தைக் கண்டு வருந்தாதவர் இரார். ஆயினும், அந்நதியைக் கெடுக்கும் கழிவுநீரை மீண்டும் தெளிநீராக்கும் வித்தை நூறாண்டுகளுக்கு முன்பே மனிதனுக்குக் கைவந்துவிட்டது என்பதையும், அதற்கு வழிகாட்டிய ரசாயனப் பேராசிரியர் கில்பர்ட் ஃபௌலர் நம் பாரத நாட்டிலேயே நெடுங்காலம் பணியாற்றினார் என்பதையும் அறிந்தோர் மிகச் சிலரே.

மான்செஸ்டர் நகரசபையின் கழிவுநீர்ப் பணிக்கு ஆலோசகராயிருந்த அவர், 1912-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பரிசோதனை நிலையத்தில் கழிவுநீருக்குக் காற்றூட்டும் முயற்சிகளைப் பார்த்துத் திரும்பியதும், ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவரை அவ்வழியில் ஆராயத் தூண்டினார். கழிவுநீரைப் புட்டிகளில் நிரப்பி, பாசி பிடியாதவாறு வெளிச்சம் மறைத்து, இடைவிடாது காற்றைச் செலுத்தியபோது, அது முற்றும் தூய்மையடைய முதலில் ஏறக்குறைய ஐந்து வாரங்கள் பிடித்தன. தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கசட்டை வீசிவிடாமல் அதன்மீதே புதிய கழிவுநீரை வார்த்து, மீண்டும் மீண்டும் இவ்வாறே செய்துவர, ஐந்து வார வேலை ஒரு நாளுக்குள்ளும், பின்னர்ச் சில மணி நேரத்துக்குள்ளுமாக முடியலாயிற்று. உலகம் அருவருத்து ஒதுக்கிய அந்தக் கசடுதான், பிராணவாயுவின் துணைகொண்டு அசுத்தத்தை உண்டு பெருகும் கோடானுகோடி நுண்ணுயிர்களின் உறைவிடம்! 1914 ஏப்ரலில் வாசிக்கப்பட்ட ஆராய்ச்சிக் கட்டுரை ஆர்டெர்ன், லாக்கெட் இருவரின் பெயரிலேயே வந்தது. யோசனை தந்த ஃபௌலரின் பெயர் அவற்றோடு சேராததை அவருடைய பெருந்தன்மைக்குச் சான்றாகவே நான் கொள்கிறேன்.

1916-ல் அவர் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியராய் வந்து சேர்ந்தார். அங்கே 1921-ல் தோன்றிய உயிர்வேதியியல் துறைக்கு முதல் தலைவருமானார். நைட்ரஜனைப் பாதுகாப்பது பற்றி 1934-ல் ஒரு நூலே எழுதினார். மண்ணிலிருந்து பயிர் எடுத்த சத்து கழிவோடு வீணாகாமல் மண்ணுக்கே திரும்ப வேண்டுமென்ற கவலை அவரை விட்டு நீங்கவில்லை.

கோயம்பேட்டில் நாளொன்றுக்கு 12 கோடி லிட்டர் கழிவுநீரை ஏற்கும் நிலையத்தில் இன்று காற்று குமிழியிடுவதும், படிந்த கசட்டின் ஒரு பகுதி மறுபடி தொட்டிக்கே திரும்புவதும் அந்தப் புட்டிப் பரிசோதனையின் பெருவடிவமே. அவ்வாறு தெளிந்த நீரில் நாள்தோறும் 4.5 கோடி லிட்டரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் மேலும் தூய்மையாக்கி, பூவிருந்தவல்லிக்கு அப்பால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு 2019 முதல் நடைபெறுகிறது. ஏரி நீருக்காக ஆலையும் வீடும் போட்டியிடும் நகரத்துக்கு இது சாமானிய நன்மையன்று.

ஆனால் இந்நுண்ணுயிர்கள் விஷத்துக்கு எளிதில் இரையாகும். அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைகளின் முலாம் பூசும் பட்டறைகளில் புழங்கும் குரோமிக் அமிலம் சாக்கடையில் கலந்துவிடின், சுத்திகரிக்கும் உயிர்களே மடிந்துபோகும். பரிகாரம் கடினமன்று: அக்கழிவை அமில நிலையில் சோடியம் மெட்டாபைசல்பைட்டுடன் சேர்த்தால் கொடிய ஆறிணைதிறக் குரோமியம் தீமை குறைந்த மூவிணைதிறக் குரோமியமாகும், பின் சுண்ணாம்பு இட்டால் அது திடப்பொருளாய் அடியில் படிந்துவிடும். முலாம் பட்டறை நடத்தும் அன்பர்களே, இச்சிறு செலவுக்குத் தயங்காமல், கழிவைப் பட்டறைக்குள்ளேயே விஷமகற்றி, அதன் பிறகே வெளியே விடுங்கள்.